வட எல்லையில் ஒரு நகரம்: உரோமப் பிரித்தானியாவின் கோரியா

பேரரசுகளின் வரலாறு பெரும்பாலும் தலைநகரங்களிலிருந்தே எழுதப்படுகின்றது. எல்லைப்புறங்கள் போர் நிகழும்போது மட்டும் அவ்வரலாற்றிலே தோன்றிப் பின் மறைந்துவிடுகின்றன. எல்லை என்றதும் மதிலும் அகழியும் காவலரணும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயின் மதிலைக் காவல் செய்தவன் எதை உண்டான், அவ்வுணவை விளைவித்தவர் யார், அதனை வண்டியேற்றி வந்தவர் யார், அதற்குரிய விலை எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களை எழுப்பும்போதே, எல்லைப்புறம் மனிதர் வாழ்ந்த இடமாகப் புலப்படத் தொடங்கும்.

இவ்வாறு வினவி ஆராய்தற்கு ஏற்ற ஊர்களுள் ஒன்று கோரியா. இங்கிலாந்தின் வடபுலத்திலே, தைன் நதியின் வடகரையில், இன்று கோர்பிரிட்ஜ் என வழங்கும் ஊருக்கு அணித்தாக அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. கி.பி. 122இல் கட்டத் தொடங்கப்பெற்று உரோமப் பேரரசின் வட எல்லையாக விளங்கிய ஹேட்ரியன் மதிலுக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீற்றர் தொலைவில் இந்நகர் அமைந்திருந்தது. படைமுகாமாகத் தோன்றி, தானியக் களஞ்சியமாக விரிந்து, சந்தை நகராக நிலைபெற்று, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அது வாழ்விழந்தது.

கோரியாவின் ஆக்கமும் அழிவும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. அந்நகரை உண்டாக்கியது படையின் பசி. அதனை வளர்த்தது படையின் ஊதியம். அதனைத் தாங்கி நின்றது சுற்றுப்புற உழவரின் உழைப்பு. இம்மூன்றுள் முதலிரண்டும் நீங்கியபோது நகரம் அழிந்தது. மூன்றாவது அழியவில்லை. எல்லைப்புற நகரங்களின் செழிப்பை மதிப்பிடும்போது இவ்வேறுபாடு கருத்திற் கொள்ளற்பாலது.

அமைவிடமும் தோற்றமும்

கி.பி. 77ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவின் ஆளுநராகப் பதவியேற்ற அக்ரிகோலா வடக்கு நோக்கிப் படை நடத்தினான். அப்படையெடுப்புக் காலத்திலேதான் தைன் பள்ளத்தாக்கில் உரோமரின் முதல் வழங்கல் தளம் எழுந்தது. கோர்பிரிட்ஜுக்கு மேற்கே 1974ஆம் ஆண்டில் புதிய வீதி அமைக்கப்பட்ட வேளையில் இத்தளத்தின் எச்சங்கள் வெளிப்பட்டன. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட, அதற்குக் கிழக்கே, இன்று இடிபாடுகள் காணப்படும் இடத்திற் கோட்டையொன்று கட்டப்பட்டது. அதன் மீது ஒன்றன்பின் ஒன்றாக வேறு கோட்டைகளும் எழுந்தன.

இவ்விடத்தை உரோமர் தெரிந்தெடுத்தமைக்குக் காரணங்கள் உள. யோர்க்கிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை தைன் நதியைக் கடப்பது இங்கேதான். பிற்காலத்தார் டியர் வீதி என அழைத்த இச்சாலை மதிலை ஊடறுத்து இன்றைய ஸ்கொத்லாந்து வரை சென்றது. மேற்கே கார்லைல் நகரை நோக்கிச் சென்ற இன்னொரு சாலையும் கோரியாவில் இதனோடு கூடிற்று. இரு பெருவழிகள் கூடும் சந்தியும், பாலமும், வண்டல் படிந்த பள்ளத்தாக்கும் ஒருங்கே வாய்த்த இடத்தில் ஊர் தோன்றுவது இயல்பே.

கோரியா என்னும் பெயர் உரோமர் இட்டதன்று. கெல்ற்றிய மொழியில் அது படை, குழு, கூட்டம் முதலிய பொருள்களோடு தொடர்புடைய சொல் எனவும், அப்பகுதி மக்கள் கூடும் இடத்தை அது குறித்திருக்கலாம் எனவும் அறிஞர் கருதுவர். உரோமர் வருமுன்னரே அப்புலத்தில் மக்கள் வட்டக் குடிசைகளில் வாழ்ந்து, ஏர் பூட்டி உழுது, கால்நடை வளர்த்தனர். பிற்கால வழிச்செலவு நூலொன்றில் இவ்வூரின் பெயர் கோர்ஸ்தோபிற்றம் எனத் திரிந்து காணப்படுவதால், நெடுங்காலம் அப்பெயரே வழங்கிற்று. கோரியா என்னும் வழக்கைத் தெளிவுபடுத்தியவை விந்தோலாந்தாவின் மர ஏடுகளாகும்.

கோரியாவுக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில், அதே சாலையில் அமைந்த கோட்டை விந்தோலாந்தா. அங்கே 1973ஆம் ஆண்டில் றொபின் பேர்லி என்னும் அகழ்வாய்வாளர், ஈரச் சேற்றினுள் புதைந்து கிடந்த மெல்லிய மரத் தகடுகளைக் கண்டெடுத்தார். அஞ்சலட்டை அளவினவான அத்தகடுகளில் கரிமையினால் இலத்தீன் மொழியில் எழுதப்பட்டிருந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியிலும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதப்பட்ட கடிதங்களும், கணக்குகளும், விடுப்பு விண்ணப்பங்களும் அவற்றுள் அடங்கும். அரச மெய்க்கீர்த்திகள் கூறாதுவிட்ட செய்திகளைக் குப்பையாக எறியப்பட்ட இவ்வேடுகள் கூறுகின்றன.

துங்கிரியர் என்னும் துணைப்படையின் ஆட்கணக்கைத் தரும் ஏடு இங்கு நோக்கத்தக்கது. அப்படையின் மொத்தத் தொகை 752. அவர்களுள் 456 பேர் கோட்டைக்கு வெளியே இருந்தனர். அவ்வாறு வெளியே இருந்தோருள் 337 பேர் கோரியாவில் நிலைகொண்டிருந்தனர். ஒரு படையின் பாதிக்குச் சற்றுக் குறைந்த பகுதியை ஒரே இடத்துக்கு அனுப்பவேண்டிய தேவை இருந்ததென்றால், அவ்விடத்தின் முதன்மை சொல்லாமலே விளங்கும். வேறோர் ஏட்டில் மெசிக்கஸ் என்னும் வீரன், கோரியாவிற் கழிப்பதற்குத் தனக்கு விடுப்புத் தருமாறு மேலதிகாரியை வேண்டுகின்றான். மதிலே எழாத அக்காலத்திலும், கோட்டைகளில் அடைந்து கிடந்த வீரர் நாடிச் செல்லத்தக்க ஊராகக் கோரியா விளங்கியது என்பதற்கு இச்சிறு விண்ணப்பம் சான்றாகும்.

களஞ்சியமும் கழனியும்

படைவீரன் எங்கிருந்தாலும் நாள்தோறும் உண்ணவேண்டியவன். உரோமப் படையின் அடிப்படை உணவு கோதுமை. குதிரைக்கும் எருதுக்கும் வாற்கோதுமை வேண்டும். வடபுலத்து வீரர் விரும்பிய மதுவும் தானியத்திலிருந்தே வடிக்கப்பட்டது. எல்லையிலே பல்லாயிரவர் நிலைகொண்டபோது அவர்களது தேவை முழுவதையும் கடல் கடந்து கொண்டுவருதல் எளிதன்று. எனவே சுற்றுப்புறக் கழனிகளின் விளைச்சல் படைக்கு இன்றியமையாததாயிற்று.

அவ்விளைச்சல் எவ்வாறு பெறப்பட்டது? ஒரு வழி வரி. அக்ரிகோலாவின் மருகனும் வரலாற்றாசிரியனுமாகிய தசிற்றஸ், கி.பி. 98ஆம் ஆண்டளவில் எழுதிய நூலிலே, தானிய வரியின் பெயரால் நிகழ்ந்த முறைகேடுகளை விவரிக்கின்றான். அடைத்துக் கிடந்த களஞ்சியங்களின் வாயிலில் உழவர் காத்துக்கிடக்க நேர்ந்தது. தானியமில்லாதோர் அதிக விலைக்கு வாங்கிச் செலுத்தவேண்டியிருந்தது. அண்மையில் முகாம் இருக்கவும், வழியற்ற தொலைவிடங்களுக்குத் தானியத்தைச் சுமந்து செல்லுமாறு ஊரவர் பணிக்கப்பட்டனர். அலைச்சலுக்கு அஞ்சியவர் கையூட்டுக் கொடுத்துத் தப்பினர். இம்முறைகேடுகளைத் தன் மாமன் நீக்கினான் என்பதே தசிற்றஸ் கூறவந்த செய்தி. எனினும் புகழுரைக்காக எழுதப்பட்ட நூலொன்று தன்னை அறியாமலே உழவரின் முறைப்பாட்டைப் பதிவு செய்துவிட்டது எனலாம்.

மற்றொரு வழி வாணிகம். விந்தோலாந்தா ஏடுகளுள் ஒக்டேவியஸ் என்பவன் கண்டிடஸ் என்பவனுக்கு எழுதிய கடிதம் இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. ஏறத்தாழ 5,000 மோடியஸ் தானியக் கதிர்களை அவன் கொள்வனவு செய்துள்ளான். ஒரு மோடியஸ் ஏறத்தாழ எட்டே முக்கால் இலீற்றருக்குச் சமமான முகத்தலளவாகும். அதற்காக முற்பணம் கொடுத்துவிட்டான். மீதிப் பணம் கைவசமில்லை. குறைந்தது 500 தெனாரி வெள்ளிக் காசுகளை விரைந்து அனுப்பாவிடின், கொடுத்த 300 தெனாரியளவான முற்பணமும் போய் மானமும் போய்விடும் என அஞ்சுகின்றான். தெற்கேயுள்ள கற்றராக்ற்றோனியம் என்னும் ஊரிற் கிடக்கும் தோல்களை எடுத்துவர வண்டி வேண்டுமென்றும், பாதைகள் சீர்கெட்டிருப்பதால் இழுவை விலங்குகளை வருத்த விரும்பாது தான் இதுவரை போகவில்லையென்றும் அவன் குறிப்பிடுகின்றான்.

இக்கடிதம் பல செய்திகளைக் கூறாமற் கூறுகின்றது. முற்பணம், மீதிக்கடன், பணத் தட்டுப்பாடு, மழைக்காலப் பாதையின் இடர் என்பன வாணிகர் எல்லோரும் அறிந்தவையே. ஆயின் தொகைகளின் அளவை ஊன்றி நோக்குதல் வேண்டும். டோமிசியன் கி.பி. 84ஆம் ஆண்டளவில் ஊதியத்தை உயர்த்திய பின்னர், உரோமக் குடியுரிமை பெற்ற படைவீரன் ஒருவன் ஓராண்டில் பெற்றது 300 தெனாரி. ஒக்டேவியஸ் கொடுத்த முற்பணம் அத்தகைய வீரன் ஒருவனின் முழு ஆண்டு ஊதியத்தை ஒத்தது. அவன் கேட்ட தொகையோ அதனினும் மிக்கது. எல்லைப்புறத்திலே பெருந்தொகைப் பணம் புழங்கியது என்பதும், அப்பணத்தின் ஊற்று படையின் ஊதியமே என்பதும் இதனால் பெறப்படும்.

கோரியாவில் இன்று காணப்படும் இரு பெருங் களஞ்சியங்களும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. தலைமைத் தெருவை அடுத்து அருகருகே அமைந்த அவற்றின் தளங்கள், தாழ்ந்த சுவர்களின் மீது கற்பலகைகளைப் பரப்பி அமைக்கப்பட்டவை. தளத்தின் கீழே காற்று ஊடுருவிச் சென்று தானியம் ஈரம் பிடியாது காக்கும்பொருட்டுச் சுவர்களிற் துவாரங்கள் விடப்பட்டுள்ளன. தானியச் சுமையின் அழுத்தத்தைத் தாங்குதற்குப் புறச்சுவர்களுக்கு உதைசுவர்கள் கட்டப்பட்டன. பேரரசன் செப்ரிமியஸ் செவேறஸ் கி.பி. 208 முதல் 211 வரை வடபுலத்தில் நடத்திய போரோடு இக்கட்டடங்களைத் தொடர்புபடுத்துவர். அக்காலத்தில் தைன் நதியின் முகத்துவாரத்திலிருந்த கோட்டையில் இருபதுக்கு மேற்பட்ட களஞ்சியங்கள் அமைக்கப்பட்டன. பிரித்தானியப் படையெடுப்பின்போது களஞ்சியங்களுக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரியொருவன் நாட்டிய பலிபீடமும் கோரியாவிற் கிடைத்துள்ளது. வாளேந்தியவனுக்கு மட்டுமன்றித் தானியக் கணக்கனுக்கும் எல்லையில் இடமிருந்தது என்பதை அக்கல் நினைவூட்டுகின்றது.

சந்தையும் பெருவழியும்

இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கோரியா கோட்டை என்னும் நிலையிலிருந்து நகரென்னும் நிலைக்கு மாறியது. அதற்கு முன்னர் கி.பி. 139, 140 ஆகிய ஆண்டுகளிற் கட்டட வேலைகள் நடைபெற்றதைக் கல்வெட்டுகள் உறுதிப்படுத்துகின்றன. அப்போது ஸ்கொத்லாந்தினுள் புகுந்து கி.பி. 142ஆம் ஆண்டளவில் அந்தோனைன் மதிலை எழுப்பிய உரோமர், இருபதாண்டளவிலேயே அதனைக் கைவிட்டு ஹேட்ரியன் மதிலுக்கு மீண்டனர். இதன் பின்னர் கோரியாவில் முழுக் கோட்டை இருக்கவில்லை. நகரின் நடுவே படைப்பிரிவுகளின் வளவுகளும், அவற்றைச் சூழக் கடைகளும், வீடுகளும், கோயில்களும், பட்டறைகளும் எழுந்தன. கால்வாய் வழியே கொண்டுவரப்பட்ட நீர் தெருவோரத் தொட்டியொன்றில் வழிந்தது. அத்தொட்டியின் கல் விளிம்பு, நெடுங்காலம் மக்கள் அதில் கத்தி தீட்டியமையால் தேய்ந்து வளைந்துள்ளது என்பர்.

தெருவின் எதிரே நாற்புறமும் அறைவரிசைகள் சூழ, நடுவே முற்றம் அமைந்த மாபெரும் கட்டடமொன்று தொடங்கப்பட்டது. அது சந்தைக் கட்டடமா, நகர மன்றமா, பண்டசாலையா என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. அது முற்றுப்பெறவில்லை என்பது மட்டும் உறுதி. மதிலைக் கடந்துவந்த வட பழங்குடியினர் உரோமப் படைத்தலைவனொருவனைக் கொன்றதாகத் தியோ என்னும் வரலாற்றாசிரியன் குறிப்பிடும் குழப்பம் கி.பி. 180களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. இக்கட்டடம் இடையில் நின்றமைக்கு அக்குழப்பம் காரணமாகலாம் எனச் சிலர் கருதுவர்.

இந்நகருக்கு வந்தோர் பல்திசையினர். கிரேக்க மொழி பொறித்த இரு பலிபீடங்கள் இங்கே கிடைத்துள்ளன. ஒன்று அஸ்தாற்றே என்னும் கீழைத்தேயப் பெண் தெய்வத்துக்குரியது. மற்றது பினீசிய நகராகிய தீரின் எராக்கிளிசுக்கு, தியோதோரா என்னும் தலைமைப் பூசாரிணி நாட்டியது. வேறொரு பலிபீடத்தில் சிரிய வழிபாட்டைச் சேர்ந்த தொலிக்கேனசும், அவ்வடபுல மக்களின் தெய்வமாகிய பிரிகாந்தியாவும் ஒருங்கே போற்றப்படுகின்றனர்.

சிரியாவின் பல்மைரா நகரத்தான் ஒருவனின் கல்லறைக் கல்லும் கோரியாவில் உண்டு. அவன் 68 ஆண்டு வாழ்ந்தான் என்றும், படைக்கொடியோடு தொடர்புடையவன் என்றும் அது கூறுகின்றது. கொடி தாங்கியவனா, கொடி விற்றவனா என்பது விவாதத்துக்குரியது. பெயரின் முதலெழுத்துகள் சிதைந்துள்ளன. தைன் நதியின் முகத்துவாரத்திலே, பல்மைராவின் பராத்தெஸ் என்பான் தான் விடுதலை செய்து மணந்துகொண்ட றெஜினா என்னும் பிரித்தானியப் பெண்ணுக்கு அழகிய கல்லறை எழுப்பியுள்ளான். தென்பிரித்தானியாவின் கற்றுவெல்லோனியர் இனத்தவளான அவள் முப்பது வயதில் இறந்தாள். இலத்தீன் வாசகத்தின் கீழே தன் தாய்மொழியிலும் ஒரு வரியை அவன் பொறிக்கச் செய்தான். கோரியாவிற் புதைக்கப்பட்டவன் அதே பராத்தெஸ் ஆகலாம் எனப் பலர் கருதுவர்.

வாணிகப் பெருவழிகளின் நீளத்தை உணர்த்தும் மற்றொரு சான்று தமிழறிந்தார் கருத்தை ஈர்ப்பதாகும். விந்தோலாந்தாவிற் கிடைத்த கணக்கேடொன்றில், கம்பாக்ஸ் என்னும் வீரனின் பெயருக்கு எதிரே மிளகுக்காக 2 தெனாரி குறிக்கப்பட்டுள்ளது. அக்கால உரோமப் பேரரசின் கறிமிளகு தென்னிந்திய மேற்குக் கரையிலிருந்தே சென்றது. யவனரின் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட சேரர் துறைமுகமாகிய முசிறியைச் சங்கச் செய்யுட்கள் போற்றுகின்றன. அம்முசிறி வாணிகம் தொடர்பான கடன் உடன்படிக்கையொன்று, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பைப்பிரசு ஏடாக வியன்னாவிற் பேணப்படுகின்றது. மலைச்சரிவில் மிளகு பறித்தவனும், மழை நனைந்த வடகோட்டையில் அதனை வாங்கியவனும் ஒருவரையொருவர் அறியார். அவர்களை இணைத்தது படைவீரனின் கையிலிருந்த வெள்ளிக் காசு.

மதிலும் மக்களும்

இவ்வாறு பல்லின மக்களும் பல்திசைப் பண்டங்களும் கூடிய நகரைக் கண்டு, எல்லைப்புறம் எல்லோர்க்கும் வாழ்வளித்தது என முடிவு கட்டுதல் பொருந்தாது. செழிப்பு யாரிடம் வந்தது, யாரிடம் வரவில்லை என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

ஹேட்ரியன் மதில் ஏறத்தாழ 117 கிலோமீற்றர் நீளமானது. உரோம மைலுக்கு ஒன்றாகச் சிறு காவலரண்களும் வாயில்களும் அமைந்தன. மதிலுக்குத் தெற்கே பெரும் அகழியொன்றும் இருபுற வரம்புகளோடு வெட்டப்பட்டது. வாயில்கள் இருந்தமையால் போக்குவரத்து முற்றாகத் தடைசெய்யப்படவில்லை என்பது தெளிவு. ஆயின் யார், எப்போது, எவ்வழியாற் கடக்கலாம் என்பதை உரோம அதிகாரியே தீர்மானித்தான். மதிலின் கீழும் கோட்டைகள் சிலவற்றின் கீழும் அகழ்ந்தபோது ஏருழுத சால்களின் தடங்கள் காணப்பட்டன. யாரோ உழுத வயலின் மீதே பேரரசின் எல்லைக்கோடு கிழிக்கப்பட்டது. அவ்வயலுக்குரியவனின் பெயரை எக்கல்வெட்டும் கூறவில்லை.

மதிலுக்கு வடக்கே, கடற்கரைச் சமவெளியில் அண்மைத் தசாப்தங்களில் நடைபெற்ற ஆய்வுகளும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலன. தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்த பல குடியிருப்புகள் மதில் எழுந்த பின்னர் கைவிடப்பட்டன என அவற்றை ஆராய்ந்தோர் முடிவு செய்துள்ளனர். உறவும் மேய்ச்சலும் சந்தையும் ஒன்றாயிருந்த நிலப்பரப்பை மதில் இரண்டாக்கியது. அதன் விளைவு ஊர்களின் ஒழிவாக வெளிப்பட்டது.

தெற்குப் புறத்து உழவர் நிலை என்ன? அவர்களது குடியிருப்புகளை அகழ்ந்தபோது உரோம மட்கலங்களும் காசுகளும் மிகச் சிறிதளவே கிடைத்தன. சில மணிநேர நடைத்தொலைவிலே கோரியாவின் கடைகளில் கோல் நாட்டுச் செந்நிற மட்கலங்கள் குவிந்து கிடந்தன. தானியமும் தோலும் ஊரிலிருந்து நகருக்குச் சென்றன. அவற்றுக்கு ஈடாக வந்த செல்வத்தின் தடயம் ஊரிற் காணப்படவில்லை. வரியாகக் கொள்ளப்பட்டதற்கு ஈடு கிடையாது. விலை கொடுத்து வாங்கியதன் ஊதியமும் இடைநின்ற ஒக்டேவியஸ் போன்றோரிடமே தங்கியிருத்தல் கூடும்.

ஆள்வோர் இம்மக்களை எவ்வாறு நோக்கினர் என்பதை ஏடுகள் மறைக்கவில்லை. பிரித்தானியரின் போர்முறையைக் குறிக்கும் குறிப்பொன்றில், அவர்களை இழிவுபடுத்தும் குறுமைச் சொல் ஆளப்பட்டுள்ளது. அயலூர் வாணிகருக்கும் முழுப் பாதுகாப்பு இருக்கவில்லை. கடல் கடந்து வந்த ஒருவன், குற்றமற்ற தான் பிரம்பாலடிக்கப்பட்டுக் குருதி சிந்த நேர்ந்ததை எடுத்துரைத்து முறையிட்ட ஏடு விந்தோலாந்தாவிற் கிடைத்தது. அம்முறையீடு பேரரசனுக்கே எழுதப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. ஆனால், அடிபட்டவன் தான் கடல் கடந்து வந்தவன் என்பதையே காரணமாகக் காட்டி நீதி கேட்டிருப்பது சிந்தனைக்குரியது. அவ்வூரவன் ஒருவன் அவ்வாறு அடிக்கப்பட்டிருப்பின் அது முறையீட்டுக்குரியதாகவும் கருதப்பட்டிராது என்பது அதன் உட்கிடை.

எல்லையின் அமைதியும் சிலவேளை விலைக்கு வாங்கப்பட்டது. கி.பி. 197ஐ ஒட்டி ஆளுநனாயிருந்த விரியஸ் லூப்பஸ், வடபுலத்து மேயற்றர் இனத்தவருக்குப் பெருந்தொகை கொடுத்து அமைதி பெற்றான் எனத் தியோ கூறுவான். ஸ்கொத்லாந்தின் பிர்னி என்னும் இடத்தில் 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உரோம வெள்ளிக்காசுப் புதையல்கள் இத்தகைய கொடைகளின் எச்சங்களாகக் கருதப்படுகின்றன. அண்மையில் இருந்து தானியம் தந்த உழவனுக்குக் கிட்டாத வெள்ளி, தொலைவில் இருந்து அச்சுறுத்திய தலைவனுக்குக் கிட்டியது என்பது எல்லைப்புற அரசியலின் முரண்பாடாகும்.

நகரின் இறுதி

நாலாம் நூற்றாண்டு வரையும் கோரியாவில் வாழ்க்கை தொடர்ந்தது. பட்டறைகளில் இரும்பு வேலை நடைபெற்றது. ஆயின் நகரின் உயிர்நாடி தொலைவிலே இருந்தது. படைக்கு ஊதியமாகக் கடல் கடந்து வந்த காசுகளே அதன் சந்தையை இயக்கின. கி.பி. 402ஆம் ஆண்டளவிற்குப் பின்னர் புதிய காசுகள் பிரித்தானியாவுக்குப் பெருமளவில் வந்தில. கி.பி. 407இல் மூன்றாம் கொன்ஸ்ரன்ரைன் எனப்பட்டவன் தீவிலிருந்த படைகளைத் திரட்டிக்கொண்டு கோல் நாட்டுக்குச் சென்றான். கி.பி. 410ஆம் ஆண்டு உரோம ஆட்சியின் முடிவாகக் கொள்ளப்படுகின்றது.

கோரியாவை அழிக்கப் பெரும்போர் எதுவும் தேவைப்படவில்லை. ஊதியம் நின்றதும் வாங்குவோர் இல்லாதாயினர். வாங்குவோர் இன்றிக் கடை இல்லை. கடை இன்றி வண்டி வரவில்லை. படையை நம்பி வந்த கொல்லனும் குயவனும் மதுக்கடைக்காரனும் தத்தம் வழியே சென்றிருப்பர்.

இதற்கு மாறான காட்சி மேற்கேயுள்ள பேர்டொசுவால்ட் கோட்டையிற் புலப்படுகின்றது. அங்கு 1987 முதல் 1992 வரை நடைபெற்ற அகழ்வாய்வில், உரோமக் களஞ்சியமொன்றின் இடத்திலே மரத்தாலான பெரிய மாளிகை பிற்காலத்தில் எழுப்பப்பட்டமை அறியப்பட்டது. பேரரசின் ஊதியம் நின்றபின் காவற்படையின் எஞ்சியோர் தம் தலைவனின் கீழ் அங்கேயே தங்கி, சுற்றுப்புற உழவரிடமிருந்து நேரடியாகத் தானியம் பெற்று வாழ்ந்தனர் என ஆய்வாளர் விளக்குவர். களஞ்சியம் தலைவனின் மாளிகையாயிற்று. பேரரசன் போய்க் குறுநிலத் தலைவன் வந்தான். உழவனின் பங்கு மட்டும் மாறவில்லை.

கோரியாவின் கற்களுக்கும் மறுவாழ்வு கிட்டியது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயலூராகிய எக்சாமிற் கட்டப்பட்ட ஆலயத்தின் நிலவறைக்கு அவை எடுத்துச் செல்லப்பட்டன. கோர்பிரிட்ஜின் பழைய தேவாலயக் கோபுரத்தினுள்ளே உரோம வாயில் வளைவொன்று அப்படியே பொருத்தப்பட்டுள்ளது. 1201ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் ஜோன் இவ்விடிபாடுகளிற் புதையல் தேடி அகழச் செய்து ஏமாந்தான். 1906இல் அறிவியல் முறையிலான அகழ்வாய்வு தொடங்கியது. பின்னாளில் ஊர் நகர அகழ்வாய்வினாற் புகழ்பெற்ற லெனாட் வூலி தம் முதல் அகழ்வனுபவத்தைப் பெற்றது இங்கேயே. மன்னன் தேடிக் காணாத பொன்னை 1911இல் ஆய்வாளர் கண்டனர். வெண்கலக் குடமொன்றில் 160 பொற்காசுகள் இருந்தன. மிகப் பிந்திய காசு கி.பி. 160ஐ ஒட்டியது. அச்செல்வத்துக்குரியவன் மீண்டு வரவில்லை.

முடிவுரை

எல்லைப்புற நகரொன்றின் வரலாற்றை எழுதுவோர் முன் இருவகைச் சான்றுகள் உள்ளன. ஒருபுறம் மதிலும், களஞ்சியமும், பலிபீடமும், பொற்குடமும் பேசுகின்றன. மறுபுறம் மதிலின் கீழே ஏர் கிழித்த சால்கள் மௌனமாய்க் கிடக்கின்றன. முதல்வகைச் சான்றுகள் மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு கோரியாவைப் பேரரசின் கொடையாகவே காட்டும். இரண்டாம் வகையையும் சேர்த்து நோக்கின், அக்கொடை யாருடைய பொருளிலிருந்து செய்யப்பட்டது என்பது தெளிவாகும்.

கோரியா பல்லின மக்களையும் பல தெய்வங்களையும் ஏற்றுக்கொண்ட நகர் என்பதில் ஐயமில்லை. சிரிய வணிகனும் பிரித்தானியப் பெண்ணும் கூடி வாழவும், தென்னிந்திய மிளகு வடபுலக் கலத்தில் வேகவும் எல்லைப்புற வாழ்க்கை வழிசெய்தது. இது சிறுமைப்படுத்தற்குரியதன்று. எனினும் அந்நகரின் சந்தை சுற்றுப்புற ஊர்களோடு இருவழி உறவை வளர்த்துக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து பெற்றதை ஊருக்குத் திருப்பித் தராத நகரம், தொலைவிலுள்ள அரசின் கருவூலத்தை மட்டுமே நம்பி வாழவேண்டியதாயிற்று. கருவூலம் கைவிட்டபோது அதனைத் தாங்க ஊர் முன்வரவில்லை. முன்வரவேண்டிய காரணமும் ஊருக்கு இருக்கவில்லை.

தைன் பள்ளத்தாக்கிலே உரோமர் வருமுன்னரும் உழவு நடந்தது. அவர்கள் சென்ற பின்னரும் நடந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் நிலைத்த நகரமும் அவ்வுழவின் நீண்ட வரலாற்றில் இடையிலே வந்து போன ஓர் அத்தியாயமே. எல்லைகளின் வரலாறு மதிலின் உயரத்தைக் கொண்டு மட்டுமன்றி, அதன் இருபுறத்து வயல்களில் வாழ்ந்தோரின் நிலையைக் கொண்டும் எழுதப்படும்போதே அது மக்கள் வரலாறாக அமையும்.